மாத்திரை போட்ட பிறகுதான் கழுத்து வீங்கியது

எச்ஐவி இருப்பது தெரிந்தபோது என் சிடி4 (எதிர்ப்பு சக்தியை நடத்தும் ரத்த வெள்ளையணு) எண்ணிக்கை 64. 500-க்கு மேல் இருக்க வேண்டியது. ஏஆர்டி (எச்ஐவியை அடக்கும் மாத்திரை) ஆரம்பித்து இரண்டு வாரம் உடம்பு தெளிந்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம், ராத்திரியானால் காய்ச்சல். இடது கழுத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு நெறிக்கட்டி. நாலே நாளில் எலுமிச்சை அளவு. தலையணை பட்டாலே உயிர் போகும். மாத்திரைதான் கெடுக்கிறது என்று நானே முடிவுகட்டி, இரண்டு நாள் போடாமல் விட்டேன்.

ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் டிபி. "புதுசா வந்தது இல்லம்மா. ஏற்கனவே உள்ளே இருந்ததுதான். சண்டை போட ஆள் இல்லாததால வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இப்போ ஆள் திரும்பி வந்திருக்கு" என்றார் டாக்டர். வீக்கம், காய்ச்சல் எல்லாம் கிருமியின் வேலை என்றே அதுவரை நினைத்திருந்தேன். பெரும்பாலும் நம் எதிர்ப்பு சக்தியின் வேலையாம். இதற்கு ஐரிஸ் என்று பேர் (கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). டிபி மருந்தோடு கொஞ்ச நாள் ஸ்டீராய்டு. ஏஆர்டியை மட்டும் நிறுத்தக் கூடாது என்றார். கட்டி கரைய நாலு மாதம் ஆனது.

*

எனக்கு நேர் எதிர், அக்கா. 2009-ல் பாசிட்டிவ். ஆறு வருடம் மாத்திரையே இல்லாமல் சிடி4 700-க்குக் கீழே இறங்கவில்லை. வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) கண்டறிய முடியாத அளவு. ரிப்போர்ட் மாறிவிட்டதோ என்று மூன்று தடவை ரத்தம் எடுத்தார்கள். என்னைப் போன்றவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்களாம். பலரிடம் எச்எல்ஏ-பி57 என்ற மரபணு வகை இருக்கும். தொற்றிய செல்லின் மேலே வைரஸ் துண்டை எடுத்துக் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. அது காட்டுவதோ, மாற்றிக்கொண்டால் வைரஸே நொண்டியாகிவிடும் பகுதியை. தொற்றிய செல்லைக் கொல்லும் சிடி8 செல்கள் அந்த அடையாளத்தை வைத்தே அடிக்கும்.

பெருமையாகத்தான் திரிந்தேன். 2015-ல் உலக சுகாதார நிறுவனம், சிடி4 எவ்வளவு இருந்தாலும் எல்லோருக்கும் மருந்து என்றது. எதற்கு எனக்கு என்று முரண்டு பிடித்தேன். "ஜெயிக்கிற சண்டைதான். ஆனா நடக்கிறது உன் வீட்டுக்குள்ள" என்றார் டாக்டர். ஓயாத அழற்சி ரத்தக்குழாய்களை அரிக்குமாம். அன்றே வாங்கிக்கொண்டேன்.

*

சிடி4 எண்ணும் மெஷினில் வேலை பார்க்கிறேன். 420, 380 ஆகிவிட்டதென்று தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். காலை ரத்தத்துக்கும் மாலை ரத்தத்துக்குமே எண் மாறும்.

தம்பி சொன்ன அழற்சிக்கு ஒன்று சேர்க்கிறேன். சூட்டி மங்காபே என்று ஆப்பிரிக்கக் குரங்கு. எச்ஐவியின் இன்னொரு வகையான எச்ஐவி-2 அதனிடமிருந்துதான் நமக்கு வந்தது. அதன் ரத்தத்தில் எஸ்ஐவி (குரங்குகளிடம் உள்ள எச்ஐவி போன்ற வைரஸ்) ஏராளமாக ஓடும், நோய் வருவது அபூர்வம். ஆரம்பத்தில் கொதிக்கும் எதிர்ப்பு சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. நமக்கு அடங்குவதில்லை.

அக்கா, விட்ட அந்த இரண்டு நாளை டாக்டரிடம் சொன்னீர்களா?

*

இல்லை. அடுத்த வைரல் லோடு ரிசல்ட் வரும்வரை வயிற்றில் புளியைக் கரைத்தது.