டிக்கெட்டில் ஒரு பெயர், விமானத்தில் வேறு பெயர்?

கேள்வி (நாகர்கோவில்): கிறிஸ்துமஸுக்கு துபாயிலிருந்து திருவனந்தபுரம் வந்தேன். விமானத்தின் வாலில் வேறு கம்பெனி பெயர். பக்கத்து சீட்டுப் பாட்டி மாறி ஏறிவிட்டோம் என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இது எப்படி நடக்கிறது?

மார்த்தாண்டம்: அது வெட் லீஸ் அண்ணே. கல்யாண சீசனில் டிரைவரோடு வேன் பிடிப்போமே, அப்படித்தான். விமானம், ஊழியர், பராமரிப்பு, இன்சூரன்ஸ் சொந்தக்காரர் பொறுப்பு. எரிபொருளும் விமான நிலையக் கட்டணமும் எடுத்தவர் தலையில். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, அந்த விமானங்கள் இங்கே வரும். டிரை லீஸ் என்றால் விமானம் மட்டும்.

குளச்சல்: சீசன் மட்டுமில்லை. 2023-இல் பிராட் அண்ட் விட்னி என்ஜின் கோளாறு தெரியவந்து ஏ320நியோ விமானங்கள் நிறைய முடங்கின. அப்படி விமானம் குறையும்போதும் வாடகைக்கு எடுப்பார்கள். அந்தக் கோளாறு தெரியவருவதற்கு முன்பே இண்டிகோ, டர்கிஷ் ஏர்லைன்ஸின் போயிங் 777-ஐ வாடகைக்கு எடுத்திருந்தது.

நாகர்கோவில்: சரி, புரிந்தது. ஆனால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், பாட்டிக்கு இறங்கும்வரை நடுக்கம் நிற்கவில்லை.