பழைய பிரிட்டிஷ் பீரங்கி பியூஸ்: உங்கள் அனுபவம் என்ன?

விற்பவர் சொல்லும் கதையை அப்புறம் கேட்கலாம், முதலில் பியூஸ் (பீரங்கிக் குண்டின் மூக்கில் திருகி, அதை வெடிக்க வைக்கும் கருவி) மேல் அடித்திருக்கும் முத்திரையைப் படியுங்கள். பியூஸ் எண், ரோமன் எண்ணில் மார்க் (அந்த வகையில் எத்தனையாவது வடிவம்), தயாரித்தவரின் எழுத்துகள், மாதம், ஆண்டு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) எல்லாம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ‘ஆர்.எல்.’ என்றால் லண்டன் வூலிச்சில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையான ராயல் லேபரட்டரி. ‘வி.எஸ்.எம்.’ என்றால் விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆயுதக் கம்பெனி.

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு பழம்பொருள் சந்தையில் 106-ஆம் எண் பியூஸ் ஒன்றை, “1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள் சுட்டது” (முதல் உலகப் போரில் பிரான்ஸில் நடந்த சண்டை) என்று ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். திருப்பிப் பார்த்தால் 9/17, அதாவது 1917 செப்டம்பர். தேதி அழிந்திருந்தாலும் அந்தக் கதை நிற்காது. சோமில் ஷ்ராப்னல் குண்டுகளால் (வானில் வெடித்துச் சிறு ஈய உருண்டைகளைச் சிதறுபவை) பல இடங்களில் முள்கம்பி வேலியை அறுக்க முடியவில்லை. கம்பியில் பட்ட உடனே வெடிக்கும் 106 பெருமளவில் களத்துக்கு வந்ததே 1917 தொடக்கத்தில்தான். சுடுவதற்கு முன் மூடியைக் கழற்றுவார்கள்; குண்டு சுழன்று பறக்கையில் உள்ளே சுற்றியிருக்கும் நாடா பிரிந்து விழும், அதன் பிறகுதான் பியூஸ் உயிர் பெறும். முத்திரையைக் காட்டியதும் அவர் சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்தார்.

---

என்னிடம் இருப்பது 80-ஆம் எண் பியூஸ், 18 பவுண்டர் என்ற பிரிட்டிஷ் பீரங்கியின் ஷ்ராப்னல் குண்டுக்கானது. எப்போது வெடிக்க வேண்டும் என்று நேரம் வைக்கும் வளையத்தில் 0 முதல் 22 வரை அளவுக்கோடுகள். இந்த வகையில் சிலவற்றில் ‘கே.பி.இசட். 96/04’ என்று இருக்கும். அது ஜெர்மனியின் ஆயுதக் கம்பெனியான க்ரூப்பின் காப்புரிமைக் குறி! விக்கர்ஸ் போருக்கு முன்பே உரிமம் வாங்கியிருந்தது. போர் முடிந்ததும் க்ரூப், பியூஸ் ஒன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ் ராயல்டி கேட்டு விக்கர்ஸ் மேல் வழக்குப் போட்டது. ஜெர்மானியர் தலையில் விழுந்த குண்டுகளுக்கு ஜெர்மன் கம்பெனியே காசு கேட்டிருக்கிறது, பாருங்கள்.

---

எல்லாம் சரி. உள்ளே காலியா என்று பார்த்தீர்களா? சுட்ட பியூஸ் என்றால் செத்த பியூஸ் என்று அர்த்தமில்லை. கருமருந்தும் டெட்டனேட்டரும் நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். பெல்ஜியத்தில் உழும்போது கிளம்பும் குண்டுகளை இன்றும் ராணுவம்தான் வந்து எடுத்துப் போகிறது. சந்தேகமாக இருந்தால் திருகிப் பார்க்காதீர்கள், போலீஸைக் கூப்பிடுங்கள்.

---

காலி என்று உறுதியானால்கூட, பித்தளைதானே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அலுமினியப் பாகம் இருந்தால் அரித்துவிடும். முத்திரை மழுங்கினால் அப்புறம் எதைப் படிப்பது?