ஒரு பக்கம் மட்டும் காயும் புளியமரம்: நோயை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேட்டவர்: காரிமங்கலம் மரமேறி

அனைவருக்கும் வணக்கம். காரிமங்கலம் வட்டாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக மரம் ஏறிக் கிளை கழிக்கும் தொழில் செய்து வருகிறேன். தென்னைக்கு மட்டை கழிப்பதில் தொடங்கி, வீட்டின் மேல் சாய்ந்த கிளையை வடம் கட்டி ஓடு உடையாமல் இறக்குவது வரை கற்றுக்கொண்டேன். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்பாக, இருவர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற புளியமரம் ஒன்று நிற்கிறது. அதன் தெற்குப் பக்கக் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. புளி உலுக்கிய பிறகு பங்குனியில் இலை உதிர்வது வழக்கம்தானே என்று முதல் ஆண்டு விட்டுவிட்டேன். இப்போது ஆடி பிறந்து, வடக்குப் பக்கம் பூவும் பிஞ்சுமாக நிற்கையிலும் தெற்குப் பக்கம் தளிர்க்கவில்லை.

அந்த மரத்தடியில்தான் பெண்கள் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஆகவே அடியோடு வெட்டிவிடலாம் என்று ஒரு சாராரும், காய்ந்ததை மட்டும் கழித்தால் போதும் என்று மறு சாராரும் சொல்லி, முடிவை என்னிடம் விட்டுவிட்டார்கள். வெட்டச் சொன்னால் எனக்கு வெட்டத் தெரியும். மரத்துக்கு என்ன நோய் என்று சொல்லத் தெரியவில்லை. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: சந்தூர் மாந்தோப்பு

அண்ணா, எங்கள் தோப்பில் பெங்களூரா மா ஒன்று இப்படித்தான் ஒரு கிளையாகக் காய்ந்தது. அடிமரத்தில் பிசின் வடிந்து, கீழே மரத்தூள் கொட்டிக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் தண்டுத் துளைப்பான் என்று புரிந்தது. துளைக்குள் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, களிமண்ணால் அடைத்தோம். காய்ந்த கிளைகளைக் கழித்து, வெட்டுவாயில் பூசணம் பிடிக்காமலிருக்கப் போர்டோ பசை தடவினோம். அதற்கு ஒரு கிலோ மயில்துத்தத்தையும் ஒரு கிலோ சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து, மொத்தம் பத்து லிட்டர் தண்ணீரில் சேர்க்க வேண்டும்; இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது. உங்கள் மரத்திலும் முதலில் தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள்.

பதில் 2: ஓசூர் மர வைத்தியம்

தம்பி, தெரியாததைத் தெரியாது என்று கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். சந்தூர்ச் சகோதரி சொன்ன தூள் அடையாளம் சரியானது, அதைக் கட்டாயம் தேடுங்கள். ஆனால் துளைப்பான் பெரும்பாலும் ஏற்கெனவே நலிந்த மரத்தைத் தேடி வருவது. எனவே புழுவைக் கண்டாலும் தேடலை அங்கே நிறுத்திவிடாதீர்கள். கிளை நுனியில் தெரிவது கடைசி அறிகுறி. ஒரு பக்கம் மட்டும் காய்கிறது என்றால் அந்தப் பக்கத்து வேரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன், ஏனெனில் பல மரங்களில் ஒரு பக்கத்து வேர் பெரும்பாலும் அதே பக்கத்துக் கிளைகளுக்கே நீரை அனுப்புகிறது.

கோயில் மரம் என்கிறீர்கள். அதைச் சுற்றி மேடை கட்டியிருக்கிறார்களா, மண் கொட்டி நிரவியிருக்கிறார்களா என்பதே என் முதல் கேள்வி. மரத்தின் தூர் மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல அகன்றிருக்க வேண்டும். கம்பம் நட்டதுபோல நேராக மண்ணுக்குள் இறங்கினால் தூர் புதைந்திருக்கிறது என்று பொருள். உணவும் நீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறத்தாழ இரண்டடிக்குள்தான் இருக்கும். அதன் மேல் மண்ணும் சிமெண்டும் ஏறினால் வேருக்குக் காற்று கிடைக்காது, எப்போதும் ஈரம் கோத்து நிற்கும் பட்டையும் அழுகும். மேடை கட்டிய ஆண்டில் மரம் ஒன்றும் காட்டாது, சில ஆண்டுகள் கழித்துத்தான் வாடும் என்பதால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

அடுத்து, அடிமரத்தைச் சுற்றி மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும், பொந்து பறைபோல ஒலிக்கும். பொந்து இருப்பதால் மட்டும் மரம் விழுந்துவிடாது. சுற்றிலும் மீந்திருக்கும் நல்ல மரத்தின் கனம், அடிமரத்து ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது நாங்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. பொந்தின் வாய் பெரிதாகத் திறந்திருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். தூரில் பழுப்பு நிறத்தில் பளபளக்கும், அடிப்புறம் வெளுத்த தட்டுக்காளான் இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். அது வேரையும் தூரையும் அரிக்கும் கானோடெர்மா பூசணமாக இருக்கலாம். மேலே இலை பசுமையாக இருக்கும்போதே மரத்தைச் சாய்த்துவிடும். காளானைப் பிடுங்கி எறிவதால் உள்ளே அழுகல் நிற்காது.

கிளை கழிக்கும்போது அடிமரத்தோடு ஒட்ட வழித்து வெட்டாதீர்கள். கிளை புறப்படும் இடத்தில் வளையம்போல் ஒரு தடிப்பு இருக்கும். அதற்கு வெளியே வெட்டினால்தான் பட்டை சுற்றி வளர்ந்து மூடும். மனித உடல்போல மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, அழுகலை உள்ளேயே சுவர் வைத்து அடைக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ பல ஆயிரம் மரங்களை அறுத்துப் பார்த்து விளக்கினார். ஒட்ட வெட்டுவது அந்தச் சுவரையே உடைப்பதாகும்.

காரிமங்கலம் மரமேறி

ஐயா, நேற்றுத் தோண்டிப் பார்த்தேன். நீங்கள் கேட்டபடியே மேடை இருக்கிறது. தெற்குப் பக்கம் சிமெண்டைப் பெயர்த்து ஒன்றரை அடி இறங்கிய பிறகுதான் தூர் விரியத் தொடங்கியது. அங்கே பட்டை கறுத்து, கட்டைவிரலால் தள்ளியதும் ஊறிய அட்டைபோல உரிந்து, புளித்த கள்ளின் வாடை வீசியது. இரண்டு பெரிய வேர்கள் செத்துவிட்டன. வடக்கில் கீறிப் பார்த்த வேர் ஈரமாக, வெளிர் நிறத்தில் உயிரோடு இருக்கிறது. சுத்தியால் தட்டியதில் தெற்கே கைப்பிடி அகலத்துக்கு மட்டும் மந்தமான ஒலி கேட்டது. காளானும் இல்லை, மரத்தூளும் இல்லை.

பதில் 2: ஓசூர் மர வைத்தியம்

அப்படியானால் இந்த மரத்தை இப்போது வெட்ட வேண்டியதில்லை. மேடை முழுவதையும் பெயர்த்து, தூர் விரியும் மட்டம் வரை மண்ணைக் கையால் எடுங்கள். பொக்லைன் வந்தால் மீதி வேரும் அறுந்துவிடும். எருவோ உரமோ இப்போது போட வேண்டாம். தெற்கே காய்ந்த கிளைகளைக் கழித்து, அந்தப் பக்கத்துப் பாரத்தைக் குறையுங்கள். இரண்டு வேர் போன பக்கம் காற்றுக்கு எப்படித் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாததால், ஐப்பசி மழை முடியும்வரை பொங்கல் வைக்கும் இடத்தைச் சற்றுத் தள்ளி மாற்றச் சொல்லுங்கள். அடிமரத்தைச் சுற்றி எந்தப் பக்கமாவது மண் புதிதாக வெடித்தாலோ மேலெழும்பினாலோ மரம் சாயத் தொடங்குகிறது என்று பொருள். அப்போது வெட்டத்தான் வேண்டும். நிலம் புறம்போக்காக இருந்தால் அதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் தேவைப்படும். மழை ஓய்ந்ததும் அதே இடத்தில் மறுபடி தட்டிப் பார்த்து, மந்தமான ஒலி கைப்பிடி அகலத்தைத் தாண்டியிருக்கிறதா என்று எழுதுங்கள்.