அல்ட்ராமரீன் கவசத்துக்கு கான்ட்ராஸ்ட் பெயின்ட் சரிவருமா?

வேளச்சேரி_வாசி:
வணக்கம். வார்ஹேமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டில் ஸ்பேஸ் மரீன் வீரர் பொம்மைகளின் இன்டர்செஸர் குழு ஒன்றை ஒட்டி முடித்து, அடிப்பூச்சாக (பிரைமர்) கிரே சீர் ஸ்ப்ரே அடித்து வைத்திருக்கிறேன். அல்ட்ராமரீன் என்ற படைப்பிரிவின் நீலம் என்று முடிவு. அதே பெயரில் வரும் கான்ட்ராஸ்ட் பெயின்ட்டை ஒரு மினியில் (பொம்மையில்) போட்டுப் பார்த்தேன். இடுப்புப் பைகளும் துப்பாக்கி உறையும் அருமையாக வந்தன. தோள்கவசம்தான் திட்டுத் திட்டாக நிற்கிறது. தண்ணீர் கலந்தால் இன்னும் மோசம். இரண்டாவது கோட் கொடுக்கலாமா?

பழைய_பிரஷ்:
வேண்டாம், திட்டு இன்னும் கறுக்கும். பெயின்ட்டில் குறையில்லை, அது விழுந்த பரப்புதான் பொருந்தவில்லை.

2019-இல் வந்த இந்த கான்ட்ராஸ்ட் வரிசை, மேட்டில் மெலிந்து பள்ளத்தில் தேங்குகிற மாதிரி செய்யப்பட்டது. ரோமம், துணி மடிப்பு, தோல், தசை என்றால் ஒரே கோட்டில் நிழலும் வெளிச்சமும் கிடைத்துவிடும். ஸ்பேஸ் மரீன் தோள்கவசம் வழவழப்பான உருண்டை. பெயின்ட்டைப் பிடித்து வைக்க அங்கே பள்ளமே இல்லை, அதனால் வழிந்து, நின்ற இடத்தில் காய்ந்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றினால் அதன் பிடிமானமும் போகும். மெலிதாக்கியே ஆக வேண்டுமென்றால் அதற்கென்றே வரும் நிறமில்லாத கான்ட்ராஸ்ட் மீடியம்தான்.

கவசத்துக்குப் பழைய வழியே போங்கள். மக்ராக் ப்ளூ என்ற அடர்நீல பெயின்ட், மெலிதாக இரண்டு கோட். அப்புறம் நல்ன் ஆயில் என்ற ஷேட்டை (நிழல் தரும் நீர்த்த கறுப்பு பெயின்ட்) முழு மினிக்கும் ஊற்றாமல், தகடுகள் சேருகிற இடுக்கில் மட்டும் பிரஷ் முனையால் விடுங்கள். தட்டையான தகட்டின் மேல் ஷேட் பரவினால் நீலம் அழுக்கேறிப் போகும். அந்தச் சுத்தமான நீலம்தான் அல்ட்ராமரீனுக்கு அழகு, அதைக் கெடுக்க எனக்கு மனசு வராது.

காய்ந்ததும் விளிம்புக்கு அதைவிட வெளிரிய கால்கர் ப்ளூ. இங்கேதான் பொறுமை வேண்டும். முனையால் கோடு இழுக்காதீர்கள். பிரஷ்ஷின் பக்கவாட்டை விளிம்பில் சாய்த்து வைத்து நகர்த்தினால் விளிம்பே பெயின்ட்டை வாங்கிக்கொள்ளும். பால் பதத்தில் இருந்தால் போதும். கடைசியாக இன்னும் வெளிரிய ஃபென்ரிசியன் கிரே, தகடுகளின் கூர்மூலையில் மட்டும் ஒரு புள்ளி. ஹெல்மெட்டுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். மேசையில் மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

000 பிரஷ்ஷை நம்பி இறங்க வேண்டாம். முனை கூராக இருக்கிற 1-ஆம் நம்பர் போதும். மிகச் சின்ன பிரஷ்ஷில் பெயின்ட் மினியைத் தொடும் முன்பே காய்ந்துவிடும்.

பைகளும் உறையும் நன்றாக வந்திருக்கின்றன அல்லவா, அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

டைரனிட்_ரசிகன்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் கம்ப்ரஸர் காற்றில் பெயின்ட்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் இருந்தால் கதை வேறு. கான்ட்ராஸ்ட்டை மீடியத்தில் கலந்து மெல்லிய படலமாக அடித்தால் தட்டைத் தகட்டிலும் திட்டு விழாது. என் டைரனிட்களுக்கு (வேற்றுக்கிரக ஜந்துப் படை) பிரஷ்ஷே போதும், உடம்பு முழுக்க வரிப்பள்ளம்தானே.

பழைய_பிரஷ்:
ஏர்பிரஷ்ஷில் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு குழுவுக்காக கம்ப்ரஸர் வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. தம்பி, வேளச்சேரி என்கிறீர்கள், அடுத்த குழுவுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பிரைமர் வெளுத்துப் பூத்துவிடும், சில நேரம் சொரசொரப்பாகவும் காயும். ஐப்பசி, கார்த்திகையில் வாயேஹோ கம்பெனியின் சர்ஃபேஸ் பிரைமரை பிரஷ்ஷால் பூசுவதே மேல். மெலிதாகப் பூசி இரவு முழுக்கக் காயவிடுங்கள்.

வேளச்சேரி_வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. திட்டு விழுந்த மினியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போட்டுக் கழுவட்டுமா? தோளில் சின்னம் ஒட்டவும் வழி சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபர் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலம்) சுருங்குகிறது.

பழைய_பிரஷ்:
கழுவ வேண்டாம், நன்றாக வந்த பைகளும் சேர்ந்து போய்விடும். முழுக்கக் காய்ந்திருந்தால் அதன் மேலேயே மக்ராக் ப்ளூ பூசலாம், நன்றாக மூடிவிடும்.

சின்னத்துக்கு முதலில் தோளில் பளபளப்பான (gloss) வார்னிஷ் ஒரு கோட். காய்ந்ததும் மைக்ரோ செட் என்ற ஒட்டுதிரவத்தைத் தடவி டிரான்ஸ்ஃபரை வையுங்கள். மேலே மைக்ரோ சால் என்ற இளக்கும் திரவத்தைத் தொட்டால் படலம் இளகி வளைவோடு படியும். அந்த நேரத்தில் விரல் வைக்காதீர்கள், கிழிந்துவிடும். சுருக்கம் மிச்சமிருந்தால் ஊசியால் லேசாகக் குத்தி இன்னொரு முறை சால். எல்லாம் காய்ந்த பிறகு பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். முடித்ததும் படம் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.