"அம்மாவுக்குக் காது சரியா கேட்குமா?"

காவேரிப்பட்டணம்காரன்:
அம்மாவுக்கு 52 வயது. போன மாங்காய் சீசனில் தோப்பு மேடு ஏறவே மூச்சு வாங்கியது. பக்கத்து கிளினிக்கில் வீசிங் என்று இரண்டு மாதம் இன்ஹேலர் கொடுத்தார்கள். கணுக்காலை அழுத்தினால் விரல் பட்ட குழி அப்படியே நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம். 55க்கு மேல் இருக்கணும். ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை.

அப்புறம் பெங்களூரில் பார்த்த டாக்டர், ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, அம்மாவுக்குக் காது கேட்குமா என்றார். நாற்பது வயதிலிருந்தே மெஷின்தான். ஒல்லி உடம்பு, ஆனால் சர்க்கரை. அம்மாவோடு பிறந்த மாமாவுக்கும் இந்த இரண்டும் உண்டு. அம்மாவைப் பெற்ற ஆயாவிடம் கத்தித்தான் பேசுவோம், வயசாச்சு என்று விட்டுவிட்டோம்.

டாக்டர் ஆயா, அம்மா, மாமா என்று பேப்பரில் கோடு போட்டார். இதயத் தசை செல்லில் மூன்றில் ஒரு பங்கு இடம், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கே போகிறதாம். நாளைக்கு 1 லட்சம் தடவை துடிக்க அத்தனை சக்தி வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ., 37 ஜீன், தாய் வழியில் மட்டும் வரும். அம்மாவின் சிறுநீரில் பார்த்தபோது அந்த டி.என்.ஏ.வின் 3243ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. வயது ஏற ஏற ரத்தத்தில் அது மங்கிவிடுமாம், அதனால்தான் சிறுநீர்.

இதைச் சரிசெய்ய மருந்து இல்லை. மற்ற ஹார்ட் ஃபெயிலியருக்குத் தரும் மாத்திரைகள்தான். ரத்தத்தில் லாக்டிக் ஆசிட் ஏறலாம் என்று மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை மாற்றி இன்சுலின் போட்டார் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்). தினமும் காலையில் எடை பார்க்கிறோம். ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு மூன்றே நாளில் 2 கிலோ ஏறியது, எல்லாம் உப்பால் தங்கிய நீர். ஊறுகாய் ஜாடி இப்போது பக்கத்து வீட்டில் இருக்கிறது.

என் பிள்ளைகளுக்கு என் வழியாக வராது என்றதும் என் மனைவி பெருமூச்சு விட்டாள். இரண்டு பிள்ளை பெற்ற தங்கச்சி பக்கத்திலேயே நின்றாள்.

பாலக்கோட்டிலிருந்து:
எங்கள் வீட்டில் வேறு கதை அண்ணா. தம்பிக்குப் பதினேழு வயதில் இமை தொங்கியது, தூக்கக் கலக்கம் என்று கிண்டல் செய்தோம். ஒருநாள் மயங்கி விழுந்தான். இ.சி.ஜி.யில் ஹார்ட் பிளாக் (ரத்தக்குழாய் அடைப்பு இல்லை, இதயத்தைத் துடிக்க வைக்கும் மின் சிக்னல் தடைபடுவது), பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதுவும் மைட்டோகாண்ட்ரியாதான், டி.என்.ஏ.வில் ஒரு துண்டே காணோம். ஆனால் அம்மாவுக்கு ஒன்றுமில்லை, இந்த வகை பெரும்பாலும் பரம்பரையில் வராதாம். தங்கச்சிக்கு டெஸ்ட் எடுத்தீர்களா?

காவேரிப்பட்டணம்காரன்:
எடுத்தோம் தம்பி. ரிசல்ட் இன்னும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவே பயப்படுகிறாள்.