எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்) என்ற நரம்பு நோய்க்கு மருந்தோடு வேறு என்ன செய்கிறீர்கள்?

வேலூர்வாசி:
மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் வந்து ஆறு வருடம். ஊசி தொடர்கிறது, ஆனாலும் மதியம் மாடி ஏறினாலே கால் துவண்டு கண் மங்குகிறது. அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் சாப்பிடச் சொல்கிறார் பெரியம்மா, சரியா?

மதுரைக்காரி:
அது சூட்டின் வேலையாக இருக்கும். உடல் சூடேறினால் சேதமான நரம்பில் தகவல் ஓட்டம் தடுமாறும். உடல் உழைப்புக்குப் பின் இப்படிக் கண் மங்குவதை 1890-லேயே ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவிட்டார். தணிந்தால் சரியாகும், ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் ஓடுங்கள். நான் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் சமைப்பேன், துணி துவைப்பது விடியற்காலையில், வெந்நீர்க் குளியலுக்கு முழுக்கு. யோகாவும் உண்டு, மின்விசிறிக்கு அடியில்.

சும்மா படிப்பவன்:
அமுக்கராவில் அவசரம் வேண்டாம். எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று விற்கிறார்கள், நமக்கோ அதுதானே சொந்த நரம்பைக் கடிக்கிறது! அதேபோல் விற்கப்படும் சீந்தில் கொடியால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. வைட்டமின் டி அளவைப் பரிசோதியுங்கள்.

வேலூர்வாசி:
ஈரத்துண்டு இன்றே. அப்புறம், பெரியம்மாவிடம் யார் சொல்வது?