தடைக்காலத்தில் பாதியில் நிறுத்திய பாட்டு

தெற்குவாடிப் பையன், பாம்பன்

பாட்டைப் பற்றி இந்த ரசிகர் குழுவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க ராக் பேண்ட் டிரீம் தியேட்டர், 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்', 23 நிமிடம். நேரே விஷயத்துக்கு வருகிறேன், ஒரு வருடமாக உறுத்துகிறது.

போன மீன்பிடித் தடைக்காலம். மாமாவின் விசைப்படகைக் கரையேற்றி வேலை நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15இலிருந்து 61 நாள். அதற்குள் பலகை மாற்றி, கலப்பத்து அடித்து (பலகை இடுக்கை அடைத்து), பெயின்ட் முடித்துத் திரும்ப இறக்கிவிட வேண்டும். எனக்குப் பழைய பெயின்டைச் சுரண்டுகிற வேலை. காதில் மாட்டுகிற சாமான் பெயின்ட் டப்பாவில் விழுந்து செத்துப்போனதால் சின்ன ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டேன். வேலையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை. இன்னொருவர் ஓடாவி, படகுத் தச்சர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து இறுக்கிக்கொண்டே போவார். டக், டக், டக். அந்த அடி மாறவே மாறாது. கண்ணை மூடிக்கொண்டு அதை வைத்துத் தாளம் போடலாம்.

நாலாவது பகுதி, பாட்டுக்குரலே இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் ஓடுமே, அது போய்க்கொண்டிருக்கும்போது சுத்தியலை நிறுத்தினார்.

"தம்பி, இவனுக்கு அடி தப்புதா, இல்ல வேணும்னே தப்ப விடுறானா?"

"வேணும்னேதாண்ணே."

"அப்ப சரி" என்று மறுபடி அடிக்க ஆரம்பித்தார். ஆனால் அவர் அடி தடுமாறியது. இரண்டு முறை உளி வழுக்கியது.

அப்புறம் அந்த இடம் வந்தது. அம்மா விமானத்துக்குக் கிளம்புகிற இடம். வாசலைத் தாண்டினவள் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாளே, அது. அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. பாட்டின் கதையை நானும் சொல்லியிருக்கவில்லை. சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இப்ப யாரு கெளம்புறா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. "அந்தப் பையனோட அம்மாண்ணே. வெளியூருக்கு" என்றேன்.

"எப்ப வருவா?"

டிரம்ஸ் வாசிக்கிற மைக் போர்ட்னாயின் அம்மா விமான விபத்தில் இறந்துபோனவர், அதை வைத்துத்தான் அவர் இதை எழுதினார் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். வாய் வரவில்லை. "தெரியலண்ணே" என்றேன்.

"நிப்பாட்டு. சாப்ட்டுட்டு மிச்சத்தக் கேப்போம்."

நிறுத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மூக்கையூரிலிருந்து யாரோ அவசரமாகக் கூப்பிட்டு, உளிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மிச்ச வேலையை வேறு ஆள் வந்து முடித்தார். அவர் கணக்கில் அந்த அம்மா இன்னும் வாசலிலேயே நிற்கிறாள்.

கீழக்கரைக்காரன், இப்போது துபாய்

அண்ணே, படித்துவிட்டு ஆபீஸில் கழிவறைக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். என்னுடையதும் அதே இடம்தான்.

முதல் முறை கிளம்பின அன்று. திருச்சிக்கு வேன் வாசலில் நிற்கிறது. வாப்பா வேன்காரரிடம் வாடகை பேசிக்கொண்டிருக்கிறார், பேசி முடித்த வாடகையைத்தான் மறுபடி பேசுகிறார். வீடு முழுக்க ஆட்கள். அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு சத்தமாக இந்தப் பாட்டைப் போட்டிருந்தேன். இந்த நேரத்துக்கு இந்தப் பாட்டை எவனாவது போடுவானா? நான் போட்டேன்.

உம்மா தொதல் (எங்கள் ஊர் அல்வா) பொட்டலத்தைப் பையில் திணித்தது. எண்ணெய் கசியாமல் இருக்க மூன்று பாலித்தீன் உறை, மேலே ரப்பர் பேண்ட். திணித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து என்னவோ சொன்னது. வாய் அசைவது தெரிகிறது. எனக்குக் கேட்பது பாடுகிற ஜேம்ஸ் லப்ரீயின் குரல். தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறிவிட்டேன்.

ராமநாதபுரம் தாண்டின பிறகுதான் உறைத்தது. போன் போட்டு, என்னம்மா சொன்னீங்க என்று கேட்டேன். "எத்தனையோ சொன்னேன், எது?" என்றது. ஏழு வருடம் ஆகிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறேன். "தொதலை ரெண்டு நாளைக்குள்ள தின்னுன்னு சொல்லிருப்பேன், போடா" என்கிறது. அது இல்லை. அந்த முகம் தொதலைப் பற்றிப் பேசுகிற முகம் இல்லை.

அரண்மனைப் பக்கம் ஸ்பீக்கர் கடை, ராமநாதபுரம்

முதலில் ஒரு திருத்தம். பாம்பன் தம்பி வரிசையை மாற்றிச் சொல்கிறார். அம்மா கிளம்புவது மூன்றாவது பகுதியின் கடைசியில், 'கார்பே டியம்' என்கிற பகுதி. குரலில்லாத 'தி டார்க்கஸ்ட் ஆஃப் வின்டர்ஸ்' அதற்கு அப்புறம்தான் வருகிறது. அம்மா போனபிறகுதான் இருட்டுக் குளிர்காலம், அதில்தானே கதையே இருக்கிறது. ஓடாவி தாளத்தைக் கேட்டது ஆரம்பத்து வாத்திய இசையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் பாட்டைத் தலைகீழாகக் கேட்டிருக்கிறார்.

இன்னொன்று. அம்மா கிளம்பின அடுத்த சில நொடியிலேயே செய்தி வந்துவிடுகிறது. துண்டு துண்டாகப் பேச்சுக் குரல்கள் வருமே, அதில் ஒரு குரல் சொல்லிவிடும். சினிமா வசனத்தையும் ராபர்ட் ஹெரிக்கின் பதினேழாம் நூற்றாண்டுக் கவிதை வரியையும் அங்கேதான் கலந்து போட்டிருக்கிறார்கள். ஆக, ஓடாவி அதையும் கேட்டேதான் இருப்பார். புரியவில்லை, அவ்வளவுதான்.

என் அனுபவம் சின்னது. 2010இல் போர்ட்னாய் பேண்டை விட்டுப் போனார் என்று செய்தி வந்த அன்று கடையில் முழுப் பாட்டையும் போட்டேன். பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சி வந்து, "எம்பூட்டு நேரமா ஒரே பாட்டு, டேப் சிக்கிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

ஆனால் புதிதாகக் கேட்பவர்களுக்கு இதை எப்படிப் போட வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பெயின்ட் டப்பா அளவு ஸ்பீக்கரில் இதைப் போடுவதே தப்பு. ஜான் மியுங்கின் பேஸ் கிதார் அதில் வரவே வராது. பேஸ் இல்லாமல் இந்தப் பாட்டைக் கேட்பது உப்பில்லாத கருவாடு. இரண்டு தனித்தனிப் பெட்டி, ஆளுக்கும் பெட்டிக்கும் ஆறடி, சுவரை ஒட்டி வைக்கக்கூடாது. இரண்டாவது, ஒரே மூச்சில் போடாதீர்கள். ஏழு பகுதி இருக்கிறது. முதல் நாள் மூன்று, மறுநாள் நாலு. மூன்றாவது, பாட்டின் சரித்திரத்தை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். 1989இல் உருவானது. 1992இல் வந்த ஆல்பத்தில் சேர வேண்டியது, நீளத்தால் விட்டுப்போனது. ரசிகர்கள் விடாமல் நச்சரித்துத்தான் 1995 செப்டம்பரில் ஸ்டூடியோ பதிவாக வந்தது. அதற்குள் கெவின் மூர் விலகிப்போய் டெரெக் ஷெரினியன் கீபோர்டுக்கு வந்துவிட்டார். அந்த டிஸ்கில் மிச்சமிருப்பது எல்லாம் லண்டன் ரானி ஸ்காட்ஸ் கிளப்பில் மேடையில் வாசித்த மற்றவர்கள் பாட்டு. டீப் பர்ப்பிள், எல்டன் ஜான், லெட் செப்பலின் எல்லாம் வரும். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். நாலாவது, போனில் பாட்டு ஓடும்போது வருகிற கூப்பிடு சத்தத்தை அணைத்துவிட்டுத்தான்

(கடையில் ஆள் வந்துவிட்டது, மீதி அப்புறம்)

கோவில் கீபோர்டு, தங்கச்சிமடம்

ஸ்பீக்கர் கடை அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. பாம்பன் தம்பி சொல்ல வந்தது பெட்டியைச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி வைப்பது என்று இல்லை.

ஒரே மூச்சில் கேட்கக்கூடாது என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆரம்பத்தில் தனியாக வருகிற கிதார் மெட்டு கடைசியில் அப்படியே திரும்பி வரும். 'கிரிம்சன் சன்ரைஸ்' என்று தொடங்கி 'கிரிம்சன் சன்செட்' என்று முடிகிறது. நடுவில் தூங்கி எழுந்து வந்து கேட்டால் அது திரும்பி வந்தது எப்படித் தெரியும்?

என் கதை பழைய பாம்பன் ரயில் பாலத்தில். மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன், சனிக்கிழமை ஊருக்கு வருவேன். மண்டபத்தில் வண்டி நிற்கும்போது பாட்டைத் தொடங்கினால் பாலத்தில் சரியாக வாத்தியப் பகுதி வரும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். பாலம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வண்டி ஊர்ந்துதான் போகும். அன்றைக்குக் காற்று. மண்டபத்தில் வண்டியை நிறுத்திப் போட்டுவிட்டார்கள், விடவே இல்லை. என் கணக்கு போச்சு. பாட்டு முடிந்து, திரும்ப முதலிலிருந்து போட்டு, அதுவும் பாதிக்கு வந்தபோது வண்டி அசைந்தது.

பாலத்தில் ஏறினதும் சக்கரச் சத்தம் டிரம்ஸோடு கலந்துவிட்டது. எது போர்ட்னாய், எது தண்டவாளம் என்று பிரிக்க முடியவில்லை. கோவிலில் டிரம்ஸ் வாசிக்கிற தம்பிக்கு ஏழு எண்ணிக்கை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தகிட தகதிமி, மிஸ்ர சாபு மாதிரிதான்டா என்று. வண்டியில் உட்கார்ந்து தொடையில் தட்டிப் பார்க்கிறேன், ரயிலும் ஏழில் போகிறது போல ஒரு மயக்கம். பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு ஆத்தா. என் தொடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பயப்படாத தாயி, ஒண்ணும் ஆகாது, பாலம் பழசுதான், ஆனா விடாது" என்று கையைப் பிடித்துக்கொண்டது. நான் காற்றுக்குப் பயந்து நடுங்குகிறேன் என்று நினைத்திருக்கிறது. கையை உருவிக்கொள்ள மனசில்லை. பாம்பன் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு கை ஆத்தாவிடம், ஒரு கையால் தாளம்.

2022 கடைசியோடு அந்தப் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் பாட்டின் ஒரு பகுதி முழுசாக ஓடுவதற்குள் கரை வந்துவிடுகிறது.

சாயல்குடி, பனங்காடு

எல்லாரும் அழ வைக்கிறீர்கள். எனக்கு இந்தப் பாட்டே பிடிக்காது, அதே பேண்டின் 'ஆக்டவேரியம்'தான் பிடிக்கும். அதுவும் நீளம்தான், 24 நிமிடம், ஆனால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்காது. ஒரே கயிறாகப் போகும். இது ஏழு துணியை வைத்துத் தைத்தது. கோபம் வந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

கீழக்கரை தம்பிக்கு: உம்மா சொன்னது தொதலைப் பற்றித்தான். ஏழு வருடம் கழித்து ஒரு அம்மா பொய் சொல்ல மாட்டாள்.

பாம்பன் தம்பிக்கு: மூக்கையூர் எனக்கு எட்டுகிற தூரம்தான். துறைமுகத்தில் எங்கள் மச்சான் படகு கட்டியிருக்கிறது. அங்கே வேலை செய்கிற ஓடாவிகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். ஆள் எப்படி இருப்பார், அடையாளம் சொல்.

கீழக்கரைக்காரன், இப்போது துபாய்

சாயல்குடி அண்ணே, அம்மாக்கள் ஏழு வருடம் கழித்துத்தான் பொய் சொல்வார்கள்.

தெற்குவாடிப் பையன், பாம்பன்

ஸ்பீக்கர் கடை அண்ணன் சொன்னது சரி. மறுபடி போட்டுப் பார்த்தேன். தாளத்தைக் கேட்டது ஆரம்பத்தில்தான். ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே இடம் மாறிவிட்டது.

சாயல்குடி அண்ணனுக்கு அடையாளம்: இடது கைப் பெருவிரல் நகம் கிடையாது. சுண்ணாம்பு டப்பாவைக் காதிடுக்கில் வைக்க முடியாதா என்று பார்க்கிற ஆள், அவ்வளவு வெற்றிலை. சட்டைப் பையில் பென்சில் இருக்கும், எழுதி நான் பார்த்ததில்லை.

சாயல்குடி, பனங்காடு

கிடைத்துவிட்டார். பென்சில் இருக்கிறது. நம்பரை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பாட்டைப் பற்றி நான் ஒன்றும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்பீக்கர் கடை, ராமநாதபுரம்

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். நாலாவது, கூப்பிடு சத்தம். ஐந்தாவது, தம்பி அவரை மறுபடி கேட்க வைப்பதாக இருந்தால் கடையிலிருந்து இரண்டு பெட்டி தருகிறேன். வாடகை வேண்டாம். உப்புக்காற்று படாமல் துணி போட்டு மூடி வைக்க வேண்டும், அது மட்டும்.

தெற்குவாடிப் பையன், பாம்பன்

நேற்று ராத்திரி பேசினேன். "யாரு, பாட்டுக்காரத் தம்பியா?" என்றார். வரப்போகிற தடைக்காலத்துக்கு மாமா படகுக்கே வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். முன்பணம் எவ்வளவு, பஞ்சு எத்தனை கிலோ, போன தடவை மாற்றின பலகை நிற்கிறதா என்று எல்லாம் பேசி முடித்தோம். அணியத்துப் பக்கம் (படகின் முன்பக்கம்) ஒரு இடத்தில் தண்ணீர் கசிகிறது என்று சொன்னேன். "அது நான் அடிச்ச இடமா இருக்காது" என்றார்.

வைக்கப்போகிற நேரத்தில் கேட்டார்: "ஏன் தம்பி, அந்தப் பையனோட அம்மா வந்துட்டாளா?"

நேரில் சொல்கிறேன் அண்ணே என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.